அரவிந்த் கண் மருத்துவமனையின் கவுன்சலர் மேசை

"புரை முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." கண் மருத்துவமனையில் அதிகம் காதில் விழுவது இந்த வார்த்தைதான். கூடவே இன்னொன்றும் வரும், குரலைத் தாழ்த்தி: "கண்ணைத் தோண்டி வெளியே எடுத்துக் கழுவி மறுபடி வைப்பாங்களாமே?" இந்த இரண்டுக்கும் யார், எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு கண் மருத்துவமனையை எடை போடலாம். மதுரை அரவிந்தின் கண்புரை சேவையை இங்கே அப்படித்தான் பார்க்கிறோம். லென்ஸ் தரம், ஆபரேஷன் திறமை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று 58 வயதில், 1976ல், 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் இது. ஆபரேஷன் இலவசம் என்று சொன்னால் மட்டும் ஆள் வந்துவிடாது என்பது அங்கே சீக்கிரமே புரிந்தது. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வரும் ஆளின் கூலி இழப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். 1990களின் கடைசியில் வெளியான தென்னிந்தியக் கிராமப்புற ஆய்வு ஒன்றில், கண் கோளாறு இருந்தவர்களில் கண் பரிசோதனை முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இந்தத் தடைகளைத் தாண்டத்தான் முகாமில் புரை உறுதியானவரை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவரும் முறை வந்தது. ஊரிலிருந்து நாலைந்து பேர் ஒன்றாக வருவதே பாதிப் பயத்தைப் போக்கிவிடுகிறது.

மீதிப் பயம் கவுன்சலர் மேசைக்கு வருகிறது. டாக்டர் "ஆபரேஷன் பண்ணணும்" என்று எழுதிக்கொடுத்த பிறகு நோயாளி நேரே காசு கட்டப் போவதில்லை, கவுன்சலரிடம் போகிறார். இவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் இங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். நோயாளியின் பேச்சு வழக்கு அவர்களுக்குச் சொந்த வழக்கு. இந்த ஏற்பாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது.

மேசையில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு கண் மாதிரி இருக்கும். "பயப்படாதீங்க" என்று தொடங்குகிறவர் தேர்ந்த கவுன்சலர் இல்லை. அந்த வார்த்தை பயத்தை மூடுமே தவிரப் போக்காது. "எதை நினைச்சாம்மா பயமா இருக்கு?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுக்க வேண்டும். பதில் வந்ததும் மாதிரியைத் திறந்து, கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது, உள்ளே மங்கிப்போன லென்ஸ் மட்டும்தான் வெளியே வருகிறது என்று அவர் கையிலேயே கொடுத்துக் காட்ட வேண்டும். புரை முத்துவது பற்றியும் அங்கேயே சொல்லலாம். லென்ஸ் கல்லாக இறுகிவிட்டால் உடைத்தெடுக்க அல்ட்ராசவுண்ட் சக்தி அதிகம் வேண்டும், கருவிழி வீங்கும், லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையான லென்ஸ் பை கிழியும் வாய்ப்பும் கூடும். பழைய காலத்தில் முத்தும்வரை காத்திருந்தது அன்றைய முறைக்குச் சரி, இன்றைக்கு அது நஷ்டம்.

இன்னொன்று. மகனைப் பார்த்துப் பேசிக்கொண்டே அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறிக்கிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. கேள்வி நோயாளியிடம்தான் போக வேண்டும். கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம், வருமானச் சான்று கேட்பதில்லை என்ற அரவிந்தின் ஏற்பாடு மரியாதையைக் காப்பாற்றுகிறது. இரண்டு பிரிவுக்கும் ஒரே டாக்டர்கள்தான்.

ஆளைப் புரிந்து நடப்பது ஏதோ கூடுதல் உபசாரம் என்று நினைப்பவர்கள் கண் பிரஷர் பார்க்கும் அறைக்குப் போய் நின்று பார்க்கட்டும். மிரண்டுபோனவர் இமையை இறுக்குவார், மூச்சைப் பிடிப்பார். கண் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். "தாடையை இதுல வைங்க, மூச்சை விட்டுக்கிட்டே இருங்க, நீல வெளிச்சம் கிட்ட வரும், வலிக்காது" என்று ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்பே சொன்னால் எண் சரியாக வரும். கண்ணாடிப் பவர் பார்க்கும்போது "இதுவா, அதுவா" என்ற கேள்வி வயதானவர்களுக்குப் பரீட்சை மாதிரி. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். "ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா அப்படியே சொல்லுங்க, அதுவும் பதில்தான்" என்ற ஒரு வரி போதும், தவறான கண்ணாடி தவிர்ந்துவிடும்.

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி விழித்திருப்பார், முகத்தின் மேல் துணி. கண் மரத்திருந்தாலும் வெளிச்சம், வண்ணம், சில சமயம் கருவியின் அசைவுகூடத் தெரியும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் திடுக்கிட்டுத் தலையை அசைப்பார். அந்த நொடியில் லென்ஸ் பை கிழியலாம். "இருமல் வந்தா முதல்ல வாயால சொல்லுங்க" என்பதை ஆபரேஷனுக்கு முந்தைய நாளே ஒருமுறை சொல்ல வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு சர்ஜனுக்கு அடுத்தடுத்து மேசைகள் போட்டு வேகமாக நடக்கும் அரவிந்தின் முறையில் டாக்டருக்குப் பேச நேரம் குறைவு. ஆறுதலின் பாரம் முழுக்க சிஸ்டர்கள் மேல் விழுகிறது. எண்ணிக்கை கூடக் கூட இந்தப் பாரமும் கூடும் என்பதை எந்த நிர்வாகமும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கண்புரைக்குச் செய்வதில் பாதியைக்கூட, பார்வை நரம்பு மெல்லக் கெடும் க்ளாக்கோமா நோயாளிக்கு நம் மருத்துவமனைகள் பொதுவாகச் செய்வதில்லை. இது எங்கள் உண்மையான ஆதங்கம். புரை நோயாளிக்குச் சொல்வது நல்ல செய்தி. க்ளாக்கோமாவில் "போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்" என்று சொல்ல வேண்டும். அதை நின்றுகொண்டு, அடுத்த நோயாளி கதவருகே நிற்கும்போது சொன்னால் முதல் பாதி மட்டும் காதில் ஏறும். அவர் சொட்டு மருந்தையே நிறுத்திவிடுவார். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லி, சுற்றுப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்டும் அப்படித்தான். பாதி வெளிச்சம் நல்ல கண்ணுக்கும் தெரியாதபடிதான் அந்தச் சோதனை அமைந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் உட்கார வைத்தால், கண்ணே போய்விட்டது என்று மனம் உடைந்து, தெரியாத வெளிச்சத்துக்கெல்லாம் பொத்தானை அமுக்குவார்கள். அந்தத் தாளை நம்பவே முடியாது. தாராளமாக இமைக்கலாம், களைத்தால் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் பல மெஷின்களில் சோதனை நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

போகிறவர்களுக்கு: வீடு திரும்புமுன் சொட்டு மருந்தை கவுன்சலர் முன்னாலேயே நோயாளியோ துணைக்கு வந்தவரோ ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பாட்டில் நுனி இமையில் படக்கூடாது, இரண்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். கட்டுப் பிரித்ததும் வெள்ளைச் சட்டை கொஞ்சம் நீலமாகத் தெரியலாம். பழைய லென்ஸின் மஞ்சள் போனதால் வருவது அது, பயம் வேண்டாம். ஆனால் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ மறு பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.