ஹபெயோவா, மிஹி எஸ்ட்டா?

‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதை லத்தீனில் ‘லிப்ரும் ஹபெயோ’ என்றும் எழுதலாம், ‘மிஹி லிபெர் எஸ்ட்’ என்றும் எழுதலாம். முன்னதில் உடையவர் எழுவாய், பொருள் செயப்படுபொருள். பின்னதில் பொருளே எழுவாயாகி, உடையவர் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார். ஓராண்டுக் காலம் பயிற்சிகளில் ஹபெயோவையே எழுதிவந்த நான், இப்போது இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

காரணம் வேற்றுமை உருபுதான். தமிழில் அஃறிணைச் செயப்படுபொருளுக்கு ‘ஐ’ எப்போதும் கட்டாயமில்லை; ‘புத்தகம் படித்தேன்’ என்றால் யாரும் குறை சொல்வதில்லை. இந்தப் பழக்கம் லத்தீனுக்குள்ளும் கூடவே வந்துவிடுவதால், ‘லிப்ரும்’ என்று வரவேண்டிய இடத்தில் கை தானாகவே ‘லிபெர்’ என்று எழுதுகிறது. என் பழைய பயிற்சி ஏட்டில் சிவப்பு மை அதிகம் பட்ட பிழை இதுவே. ‘மிஹி எஸ்ட்’ அமைப்பிலோ, பொருள் முதல் வேற்றுமையிலேயே நிற்பதால் மறப்பதற்கு உருபே இல்லை. ‘மிஹி துவோ ஃப்ராத்ரேஸ் ஸுன்ட்’ என்பதில் வினை சகோதரர்களை ஒட்டிப் பன்மையாவதும், ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்று சொல்லிப் பழகிய நமக்குப் புதிதல்ல.

ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் மூன்றாம் ஆயர் பாடலில், மந்தையிலிருந்து எதையும் பந்தயம் வைக்க மறுக்கும் மெனால்காஸ் என்ற ஆயன், ‘எஸ்ட் மிஹி நம்க்வே தோமி பாத்தெர்’ என்கிறான்: ‘எனக்கு வீட்டில் தகப்பன் இருக்கிறான்’. கொடிய சிற்றன்னையும் உண்டு; இருவரும் நாளுக்கு இருமுறை ஆடுகளை எண்ணுவார்களாம். ‘பிடித்திரு’ என்ற அடிப்பொருள் கொண்ட ஹபெயோவை இங்கே இட்டாலும் இலக்கணப்படி சரிதான். ஆனால், என் காதுக்குத் தகப்பனைக் கையில் பிடித்து வைத்திருப்பதுபோலக் கேட்கிறது.

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. நாம் தம்பிக்கு ‘எனக்கு’ என்றும் பணத்துக்கு ‘என்னிடம்’ என்றும் பிரிக்கிறோம். லத்தீனில் இரண்டுக்கும் ‘மிஹி’ போதும். ‘என்னிடம்’ என்பதற்காக ‘அபுத் மே’ என்று எழுதினால், ‘என் வீட்டில்’ என்றே பொருள்படும். மேலும், என் அனுபவம் உரைநடையோடு சரி. செய்யுளில் அசைக்கணக்கு வேறு முடிவைத் தரலாம்.

பிற்காலத்தில் பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் உடைமைப் பொருளில் வென்றது ஹபெயோவின் வழிவந்த வினையே. செவ்வியல் லத்தீனிலும், சொற்பொழிவாற்றுவதற்கு ‘ஓராத்தியோனெம் ஹபேரே’, நன்றியுணர்வு கொள்வதற்கு ‘க்ராத்தியம் ஹபேரே’ என்றே வரும். அங்கெல்லாம் ‘மிஹி எஸ்ட்’ கைகொடுக்காது. செயப்படுபொருளின் ஈற்று மகரம் விழுந்துவிடவில்லையே என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.