தண்ணீர்மலைத் தோட்டமா, தெலுக் பஹாங் காடா? பினாங்கில் ஒரு நாளுக்கான ஒப்பீடு

கோலாலம்பூரிலிருந்தோ தமிழகத்திலிருந்தோ பினாங்குக்கு வரும் உறவினர்கள், கோயிலும் கடைத்தெருவும் பார்த்து முடித்தபின், மீதமிருக்கும் ஒரு நாளில் காட்டையும் கடலையும் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு இந்தத் தீவில் முதன்மையாக இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, ஜார்ஜ் டவுனின் ஓரத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் தாவரவியல் பூங்கா. மற்றொன்று, தீவின் வடமேற்கு முனையில் தெலுக் பஹாங்கைத் தாண்டித் தொடங்கும் பினாங்கு தேசியப் பூங்கா. 2021இல் யுனெஸ்கோ அங்கீகரித்த, 12,481 ஹெக்டேர் பரப்புள்ள பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இவ்விரண்டுமே அடங்குகின்றன. ஆனால் ஒன்றில் ஒரு நாளைக் கழித்தவர் மற்றொன்றைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ள இடமேயில்லை.

தாவரவியல் பூங்கா 1884இல், கருங்கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்டிருந்த ஒரு பள்ளத்தாக்கில் உருவானது. அதன் முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் கர்ட்டிஸ் அங்கே ஒரு தோட்டத்தை எழுப்பினார் என்பதே எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் விழும் அருவிதான் இந்தப் பகுதிக்கே தண்ணீர்மலை என்ற பெயரைத் தமிழரிடையே தந்தது. தைப்பூசத்தில் நாம் படியேறிச் செல்லும் பாலதண்டாயுதபாணி கோயில் முற்காலத்தில் அருவிக்கு அருகிலேயே இருந்து பின்னர் இடம்மாறியது. ஆகவே நம் பலருக்கு இந்தத் தோட்டம் புதிய இடமன்று. ஆண்டுதோறும் அதன் வாசலருகே நடந்து போகிறோம், உள்ளே மட்டும் போவதில்லை.

உள்ளே செல்வோர் முதலில் தேட வேண்டியது நாகலிங்க மரத்தை. தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த இந்த மரத்தின் பூ கிளை நுனிகளில் பூக்காமல், அடிமரத்திலிருந்தே தொங்கும் கொடி போன்ற காம்புகளில் பூக்கிறது. உள்ளே இலிங்கமும் அதன்மேல் கவிந்த நாகப்படமும் போன்ற அமைப்பு. அருகே சென்றாலே மணம் வீசும். பீரங்கிக் குண்டு அளவுள்ள காய்கள் அதே காம்புகளில் தொங்குவதால், மரத்தடியில் நீண்ட நேரம் நிற்காமல் இருப்பது நல்லது. என் தாயார், ஊரில் சிவன் கோயிலில் மட்டுமே கண்ட பூவை இங்கே கண்டபோது, உதிர்ந்து கிடந்த ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டார். சமதளமான தார்ப்பாதையில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் களைப்பின்றி அந்த மரம்வரை நடந்து செல்ல முடிந்தது என்பதையே நான் இப்பூங்காவின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன். நுழைவுக் கட்டணமும் கிடையாது.

தேசியப் பூங்கா முற்றிலும் வேறு இயல்புடையது. பந்தாய் அச்சே காட்டுக் காப்பகமாக இருந்த நிலம், 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,560 ஹெக்டேரில் பாதிக்கு மேல் கடல் என்பதால், இங்கே காடு எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதே கடினம். நுழைவாயிலில் பதிவு செய்துகொண்டு கடலோரமாகச் சிறிது தூரம் நடந்தால் பாதை இரண்டாகப் பிரியும். வலப்புறம் கரையை ஒட்டியே தெலுக் டுயோங் கடற்கரைக்கும், அங்கிருந்து செங்குத்தாக ஏறி 1883இல் கட்டப்பட்ட முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கும் போகிறது. இடப்புறப் பாதை ஒரு குன்றைக் கடந்து பந்தாய் கெராச்சுட் என்னும் கரையில் இறங்குகிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், தயக்கமின்றி இடப்பக்கம் திரும்புமாறு சொல்வேன்.

அதற்குக் காரணம் அங்குள்ள ஏரி. மணல் திட்டுக்குப் பின்னே மலைநீர் தேங்கி நிற்க, கடல்நீரும் அதற்குள் புகுந்துவிடுகிறது. உப்புநீர் கனமானது என்பதால் அடியிலும், நன்னீர் மேலேயும் அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலவாமல் நிற்கின்றன. மலேசியாவில் இத்தகைய ஏரி மிகவும் அரிது. ஆனால் மழையில்லாத மாதங்களில் சென்றால் வெடித்த சேற்றுப் பரப்பை மட்டுமே காண நேரும். முதன்முறை எனக்கு அதுவே நேர்ந்தது. மழை ஓய்ந்த உடனே மீண்டும் சென்றபோதுதான் அசைவற்ற அந்த நீரின்மேல் மரங்களின் நிழல் விழுந்திருப்பதைக் கண்டேன்.

அதே கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் நிலையம் இருக்கிறது. இங்கே கரையேறி முட்டையிடுபவை பெரும்பாலும் பேராமைகள். வேறு மாதங்களில் பங்குனி ஆமைகளும் வருகின்றன. தொட்டியில் நீந்தும் குஞ்சுகளைப் பார்த்த பிள்ளைகள் கடலில் நெகிழிப் பை வீசுவதைப் பற்றிப் பிறகு தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள். தோட்டத்தில் மரப்பெயர்ப் பலகைகள் பல இருந்தும், இப்படியொரு பேச்சு அங்கே எழுந்ததில்லை.

நடையின் கடுமையைப் பொறுத்தவரை இரண்டும் ஒப்பிடத் தக்கவையல்ல. பந்தாய் கெராச்சுட் செல்ல ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வேர்களும் ஈரப்பாறைகளும் நிறைந்த ஏற்றத்தில் செருப்பணிந்து செல்வது சரியன்று, தண்ணீரும் தாராளமாகக் கொண்டுசெல்ல வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் படகில் போய்த் திரும்பலாம். அங்கே கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். நீரோட்டமும் கொட்டும் சொறிமீன்களும் உண்டு. இரண்டு இடங்களிலும் நீண்டவால் குரங்குகள் உணவுப் பைகளைப் பறிக்கும் பழக்கம் கொண்டவை. அவற்றுக்குத் தீனி போட்டுப் பழக்கியதே நாம்தான் என்பதால், இனியேனும் போடாமல் இருக்க வேண்டும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள இலைமந்திகள் அமைதியானவை. அவற்றின் குட்டிகள் செம்பொன் நிறத்தில் இருக்கும். அவற்றைத் தாவரவியல் பூங்காவில்தான் நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

இடைவழி ஒன்றை விரும்புவோருக்குக் கொடிமலை என்று நாம் அழைக்கும் பினாங்கு மலை இருக்கிறது. 1923 முதல் ஓடும் மலை இரயிலில் ஏறினால், உச்சியில் 2016இல் திறக்கப்பட்ட தி ஹேபிடாட் என்னும் வனப் பூங்காவில் மரமுடிகளின் உயரத்தில் நடக்கலாம்; அங்குள்ள உச்சிமேடை கர்ட்டிஸின் பெயரையே தாங்கி நிற்கிறது. வசதியானது, அழகானது, ஆனால் கட்டணம் அதிகம். தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஜீப் பாதையில் நடந்தே மேலேறுவதை, கால் வலுவுள்ளவர்களுக்கு நான் அதைவிட மேலாகச் சொல்வேன். தெலுக் பஹாங்கிலுள்ள நறுமணப் பொருள் தோட்டம் சமையலில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஏற்றது.

பேருந்தில் வருவோர் தேசியப் பூங்காவுக்கு 101ஆம் எண்ணிலும், தாவரவியல் பூங்காவுக்கு 10ஆம் எண்ணிலும் ஏற வேண்டும். முன்னதற்கு ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும் என்பதால் காலையிலேயே புறப்பட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெருமழை பெய்து பாதை வழுக்கும். ஜனவரி, பிப்ரவரியில் நடை எளிது, ஆனால் ஏரி வற்றியிருக்கும். முதியவர்களும் கைக்குழந்தையும் உடன் வந்தால் காலை ஏழு மணிக்குத் தண்ணீர்மலைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நடக்கக்கூடியவர்கள் மட்டும் என்றால், மழை விட்ட மறுவாரமாகப் பார்த்து, பந்தாய் கெராச்சுட்டுக்கு நடந்து சென்று, திரும்பப் படகுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான், காலையில் எந்தக் குன்றின்மேல் ஏறி இறங்கினோம் என்பது முழுதாகத் தெரியும்.