மைசூருவுக்குக் குடிபெயர்வோர் கவனத்துக்கு: ஊரைச் சுற்றிக் காட்டுபவரிடமே வீடும் பார்க்காதீர்கள்

மைசூருவுக்கு வேலை மாற்றலாகிச் செல்லும் குடும்பங்களைக் குறிவைத்து, ஊரைச் சுற்றிக் காட்டுவதையும் வாடகை வீடு பிடித்துத் தருவதையும் ஒரே ஏற்பாடாகச் செய்து தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவரிடம் நாங்கள் 50,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு அலைந்துகொண்டிருக்கிறோம். புகார் நிலுவையில் இருப்பதாலும், அந்த ஆள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதாலும் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வேலை செய்யும் முறை தெரிந்தால் போதும்.

என் கணவருக்கு அங்கே பணி உறுதியானதும், பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஒரு வார இறுதியில் சென்று, ஊர் நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துவரலாம் என முடிவு செய்தோம். முகவர் சரளமாகத் தமிழ் பேசினார். வண்டி, தங்கும் அறை, வீடுகள், பள்ளிக்கூடம் எல்லாம் தன் பொறுப்பு என்றதோடு, குவெம்பு நகர், சரஸ்வதிபுரம், விஜயநகர் ஆகிய பகுதிகளில் காட்டப்போகும் வீடுகளின் படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

ஆனால் வந்தே பாரத் ரயிலில் போய் இறங்கிய எங்களை ஏற்றிக்கொண்ட வண்டி அந்தப் பகுதிகளின் பக்கமே திரும்பவில்லை. முதல் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பிருந்தாவனப் பூங்காவின் நீரூற்றுகளிலும் கழிந்தது. மறுநாள் காலையில் சாமுண்டி மலை, பிறகு 1892இல் தொடங்கப்பட்ட விலங்குக் காட்சிசாலை, இடையில் "அரசு எம்போரியம்" என்று சொல்லி ஒரு பட்டுக்கடை. கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகத்துக்கு மைசூருவில் சொந்த ஆலையும் விற்பனையகங்களும் உண்டு. நாங்கள் அழைத்துச் செல்லப்பட்ட கடைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் மாமியார் காஞ்சிபுரத்துக்காரர் என்பதால் அங்கே அவர்களுடைய பாச்சா பலிக்கவில்லை. பள்ளியைக் காட்டுகிறேன் என்று அழைத்துப் போனதும் அதே ஞாயிற்றுக்கிழமையில்தான். பூட்டிய வாயிற்கதவையும் காவலாளியையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வீட்டைப் பார்க்கும் முறை மாலை ஆறரை மணிக்குத்தான் வந்தது, அதுவும் ஒரே ஒரு வீடு. மற்றவை முந்தின நாளே முடிந்துவிட்டன என்றார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் மாலை ஏழு மணிக்கு அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகளை ஏற்றுவார்கள். முக்கால் மணி நேரத்தில் அணைத்துவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த ஞாயிறுதான் என்று முகவர் பிள்ளைகளிடம் காலையிலிருந்தே சொல்லி வைத்திருந்ததால், நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவர்கள் "போகலாம், போகலாம்" என்று கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த அவசரம் தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

கூடத்தில் மட்டும்தான் விளக்கு எரிந்தது. பின்பக்கப் படுக்கையறையில் பல்பு போய்விட்டது, நாளை மாற்றிவிடுவார்கள் என்றார்கள். அந்த அறையில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. அவ்வளவு கீழே யார் காலண்டர் மாட்டுவார்கள் என்று என் கணவர் கைபேசி வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பார்த்தபோது, ஓதம் ஏறி உப்பிப்போன சுவரின் பூச்சு அவர் விரலோடு பெயர்ந்து வந்தது. கேட்டதற்கு, குடிவருவதற்குள் சரிசெய்து தருவதாக வீட்டுக்காரர் என்று அறிமுகமானவர் சொன்னார். மீட்டர் பெட்டியின் மேல் கிடந்த மின் கட்டணச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது; அது தன் அப்பாவின் பெயர் என்றார். மறுநாள் காலையில் பெங்களூருவிலிருந்து ஒரு குடும்பம் பணத்தோடு வருவதாகவும், முன்பணமான பத்து மாத வாடகையைப் பிறகு கொடுத்தாலும் இப்போது 50,000 ரூபாய் கொடுத்தால் வீட்டை நிறுத்தி வைப்பதாகவும் முகவர் சொன்னார். பணத்தை யுபிஐ மூலம் அனுப்பியதும், கன்னடத்தில் எழுதிய முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அது முன்பணத்துக்கான ஒப்பந்தம் என்று தமிழில் விளக்கம் சொன்னார்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதை என் கணவரின் அலுவலக நண்பர்தான் படித்துச் சொன்னார். வீட்டு முன்பணம் என்ற பேச்சே அதில் இல்லை. ஊர் சுற்றிக் காட்டியதற்கும் வீடு தேடியதற்குமான சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது என்று இருந்தது. விசாரித்ததில், வீட்டுக்காரராக நின்றவர் அங்கே போக்கியத்துக்கு, அதாவது மாத வாடகை இல்லாமல் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, குடியிருப்பவர் என்பதும் தெரியவந்தது. உண்மையான உரிமையாளர் பெங்களூருவில் இருக்கிறார். வீட்டை வாடகைக்கு விடும் எண்ணமே அவருக்கு இல்லை.

கர்நாடகத்தில் இந்தப் போக்கிய முறை பரவலாக இருப்பதால், வீட்டில் இருப்பவரே உரிமையாளர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பதிவுத் துறையின் "காவேரி" இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால் உரிமையாளரின் பெயரும் பதிவான அடமானங்களும் தெரியும். பதிவு செய்யாத போக்கியம் அதில் வராது என்பதால், மாநகராட்சிச் சொத்து வரி ரசீதையும் மின் கட்டணச் சீட்டையும் ஆதார் அட்டையோடு ஒப்பிட்டு, உரிமையாளரிடம் நேரில் பேசிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டும் வரை கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. வீட்டைப் பகலில், வேலை நாளில் பாருங்கள். அரண்மனைக்கும் சாமுண்டி மலைக்கும் நகரப் பேருந்திலேயே போகலாம், அதற்கு எந்த முகவரும் தேவையில்லை.

நாங்கள் இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். காவல் நிலையத்திலோ, கையெழுத்துப் போட்ட தாள் இருப்பதால் இது உரிமையியல் வழக்கு என்று சொல்லி முதலில் திருப்பி அனுப்பினார்கள். எழுத்து மூலமாகக் கொடுத்த பிறகே மனுவுக்கு ரசீது கிடைத்தது. அதன்பின் முகவர் 15,000 ரூபாயை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார். சென்ற வாரம் அதே வீட்டின் கூடத்துப் படம், வேறொரு பெயரிலும் வேறொரு கைபேசி எண்ணிலும், "தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும்" என்ற குறிப்போடு மீண்டும் வந்திருக்கிறது. அதைப் பார்த்து யாரேனும் பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.