ஓயோவில் ரூம் போடும் முன்: கம்பெனி வளர்ந்த விதமும் ரிசப்ஷனில் நடப்பதும்

ஆப் வழியாகக் குறைந்த வாடகை லாட்ஜுகளில் ரூம் பிடித்துத் தரும் கம்பெனி ஓயோ. அதில் தங்கியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "அந்தக் காசுக்கு நல்லாவே இருந்துச்சு" என்பது ஒன்று. "புக்கிங் கையில இருக்கு, போய் நின்னா ரூம் இல்லைன்னுட்டாங்க" என்பது இன்னொன்று. ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு லாட்ஜுகளைப் பற்றியே இப்படிச் சொல்வார்கள். இந்த வேறுபாட்டை அதிர்ஷ்டத்தின் மேல் போட வேண்டியதில்லை. ஓயோ எந்த வழியில் வளர்ந்தது, லாட்ஜ் ஓனரிடம் எப்படிக் கணக்குத் தீர்க்கிறது என்பது தெரிந்தால், எந்த புக்கிங் காலைவாரும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணித்துவிடலாம்.

ஒடிசாவைச் சேர்ந்த ரித்தேஷ் அகர்வால் 2012இல் தொடங்கியது 'ஓரவெல் ஸ்டேஸ்'. தங்கும் இடங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் தளம் அது. குறைந்த வாடகை லாட்ஜுகளில் பயணியின் உண்மையான தலைவலி வேறு என்பது சீக்கிரமே புரிந்தது. லாட்ஜைக் கண்டுபிடிப்பது எளிது. கதவைத் திறந்தால் பெட்ஷீட் எப்படி இருக்கும், கீசர் வேலை செய்யுமா என்பதுதான் யாருக்கும் தெரியாது. 2013இல் குருகிராமில் ஒரு ஹோட்டலில் ஓயோ ரூம்ஸ் தொடங்கியது. சுத்தமான வெள்ளை விரிப்பு, ஏசி, வைஃபை, காலை உணவு என்று ஒரு அளவுகோலை வைத்து, அதற்குள் வரும் ரூமுக்கு மட்டும் சிவப்புப் பலகை. அதே ஆண்டு ரித்தேஷுக்கு, இளம் தொழில்முனைவோருக்கு அமெரிக்காவில் தரப்படும் தீல் ஃபெலோஷிப்பின் ஒரு லட்சம் டாலர் கிடைத்தது. 2015இல் ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் தலைமையில் 10 கோடி டாலர் முதலீடு வந்தது.

முதலில் ஒரு லாட்ஜில் சில ரூம்களை மட்டும் எடுத்துப் பராமரித்தார்கள். இதில் பக்கத்து ரூமின் அழுக்கு ஓயோவின் பெயரில் எழுதப்பட்டது. அதனால் முழு லாட்ஜையும் எடுத்து, பெயர்ப்பலகை, விலை, பராமரிப்பு எல்லாவற்றையும் தன் கைக்குக் கொண்டுவரும் முறைக்கு மாறியது கம்பெனி. ஓனர் சம்மதிக்க வேண்டுமே? அதற்காகத்தான் 'மினிமம் கேரண்டி': ரூம் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் மாதம் இவ்வளவு தருகிறோம் என்ற ஒப்பந்தம். 2018, 2019இல் ஓயோ அசுர வேகத்தில் பரவியதற்கு இதுதான் முக்கியக் காரணம். முதலீட்டாளர் பணம் கேரண்டியாகப் போனது, விலை தள்ளுபடியாகவும் போனது. அதே வேகத்தில் சீனா, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று போனார்கள். லாஸ் வேகாஸில் ஒரு கேசினோ ஹோட்டலைக்கூட 2019இல் கூட்டாக வாங்கினார்கள்.

கணக்கு உதைத்தது. 2019இலேயே பல ஊர்களில் ஓனர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வாடிக்கையாளர் புகாருக்கென்று பிடித்தம், தள்ளுபடிக்கென்று பிடித்தம், சொல்லாத கட்டணம் என்பவை அவர்களின் குற்றச்சாட்டுகள். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் ஓயோ கேரண்டித் தொகையை நிறுத்தியது. 2021 அக்டோபரில் 8,430 கோடி ரூபாய் ஐபிஓவுக்காக (பொதுமக்களுக்கு முதல்முறை பங்கு விற்பது) தாக்கல் செய்த ஆவணத்தில், 2019-20இல் ஏற்பட்ட இழப்பு 13,000 கோடிக்கு மேல் என்று இருந்தது. அந்த விண்ணப்பம் பிறகு திரும்பப் பெறப்பட்டது. 2023-24இல்தான் முதன்முறையாக ஆண்டு லாபம்: 229 கோடி. 2024இல் அமெரிக்காவின் மோட்டல் 6 நிறுவனத்தை 52.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2025இல் தாய்க் கம்பெனியின் பெயர் 'பிரிசம்' ஆனது. நஷ்டத்திலிருந்து இவ்வளவு தூரம் மீண்டுவந்தது சாதாரண வேலை அல்ல, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மீண்ட வழி இங்கே முக்கியம். கேரண்டி போய், வருமானத்தில் பங்கு என்ற முறை வந்தது. ரூம் காலியாக இருந்தால் நஷ்டம் இப்போது ஓனருக்கு.

ரிசப்ஷனில் நடக்கும் பல விஷயங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆப்பில் ரூம் 1,000 ரூபாய். ஓயோவின் பங்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஓனருக்கு நிற்பது 750. அதில் ஏசிக்கான கரண்ட், சலவை, ரூம்பாய் சம்பளம் எல்லாம் போக வேண்டும். அதே ராத்திரி வாசலில் வந்து நிற்கும் ஒருவர் 1,300 ரூபாயை ரொக்கமாகக் கொடுக்கத் தயார். முகூர்த்த நாள், தொடர் விடுமுறை, தேர்வு நாள் என்றால் இப்படிப் பத்துப் பேர் நிற்பார்கள். உங்கள் புக்கிங்குக்கு "சிஸ்டம்ல வரல சார்" என்ற பதில் அப்போதுதான் கிடைக்கும்.

இரண்டாவது காரணம் பாக்கி. ஆப்பில் முன்பணம் கட்டினால் அது ஓயோவுக்குப் போய், கணக்குத் தீர்க்கும்போது பிடித்தம் போக ஓனருக்குத் திரும்புகிறது. கணக்குத் தகராறில் இருக்கும் ஓனர் முன்பணம் கட்டிய புக்கிங்கை எடுக்கவே தயங்குவார்; அந்தப் பணம் தன் கைக்கு வரும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. ஆக, 'ஹோட்டலில் கட்டுகிறேன்' என்ற புக்கிங் கூட்ட நாளில் கைவிடப்படலாம். முன்பணம் கட்டியது தகராறு உள்ள லாட்ஜில் மறுக்கப்படலாம். சாதாரண வார நாளில் முதல் முறை போகும் லாட்ஜுக்கு ஹோட்டலில் கட்டும் வழியே நல்லது. கூட்ட நாள் என்றால் முன்பணம் கட்டுங்கள், ஆனால் அதற்குமுன் லாட்ஜுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

அந்த போன்தான் இந்த வேலையிலேயே முக்கியமானது. ஆப்பில் இருக்கும் முகவரியை கூகுள் மேப்ஸில் தேடி, அங்கே இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பல கட்டடங்களுக்குப் பழைய பெயரே இன்னும் இருக்கும். "ஓயோ புக்கிங் இப்ப எடுக்குறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். எடுக்கிறவர் தயங்கினாலோ, "ஆப்ல வேண்டாம், நேரா வாங்க" என்றாலோ பதில் கிடைத்துவிட்டது. கூடவே உள்ளூர் முகவரி ஐடி செல்லுமா, ஏசிக்குத் தனிக் காசு உண்டா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், லிஃப்ட் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடலாம்.

லாட்ஜைத் தேர்ந்தெடுக்கும்போது, ஓயோ பெயரில் வருவதெல்லாம் ஒரே தரம் என்று எண்ண வேண்டாம். 'டவுன்ஹவுஸ்' போன்ற மேல்தர பிராண்டுகளும், 'கம்பெனி சர்வீஸ்டு' என்ற குறி போட்டவையும் ஓயோவின் நேரடி மேற்பார்வையில் நடப்பவை. அங்கே செக்-இன் மறுப்புக்கு வாய்ப்பு குறைவு. விலை சில நூறு ரூபாய் கூடும். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் இந்தக் குறி இல்லாததை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவை ஓனரே நடத்துபவை. அவற்றில் அருமையான லாட்ஜும் உண்டு, போகவே கூடாத லாட்ஜும் உண்டு. மதிப்பெண்ணின் சராசரியை நம்பாமல் விமர்சனங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, கடைசி இரண்டு மாதத்தை மட்டும் படியுங்கள். ஓனர் மாறினால், தகராறு தொடங்கினால், அது அங்கேதான் முதலில் தெரியும். கம்பெனி எடுத்த படங்கள் பழையவையாக இருக்கலாம். தங்கியவர்கள் போட்ட படத்தில் பாத்ரூமைப் பாருங்கள்.

விலைத் திரையில் குறுக்குக் கோடு போட்ட பெரிய எண்ணை மறந்துவிடுங்கள். வரியோடு சேர்ந்த கடைசித் தொகையை, லாட்ஜ் போனில் சொன்ன விலையோடும் இன்னொரு ஆப்பின் கடைசித் தொகையோடும் ஒப்பிட்டால் போதும். கேட்காத மெம்பர்ஷிப்போ காப்பீடோ பட்டியலில் ஏறியிருந்தால் எடுத்துவிடுங்கள். இப்படித் தானாகச் சேர்ப்பதையும், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டுவதையும் மத்திய அரசின் 2023 வழிகாட்டுதல் தவறான வடிவமைப்பு என்று வகைப்படுத்தியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் பழைய 12 சதவீதம் இருந்தால் கேளுங்கள்.

ஐடி விஷயத்தில் நிறையப் பேர் சிக்குகிறார்கள். தங்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் அசல் ஐடி வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லாததால் அது செல்லாது. ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைத்த பிரதியைக் கொடுக்கலாம். திருமணமாகாத ஜோடி என்றால் லாட்ஜின் விதிமுறைப் பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள். 2025 ஜனவரியில் மீரட் நகரில் தொடங்கி, இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு ரூம் மறுக்கும் உரிமையை ஓயோ லாட்ஜுகளுக்கே கொடுத்தது. சட்டம் தடுக்கிறது என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. கோவையில் அதிகாரிகள் சீல் வைத்த ஒரு சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் வழக்கில், திருமணமாகாத இருவர் ஹோட்டல் ரூமில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷனில் தீர்ப்பைச் சொல்லி ரூம் வாங்க முடியாது. முன்பே போனில் கேட்பதுதான் வழி.

ரூம் இல்லை என்று சொல்லிவிட்டால்? "ஆப்ல கேன்சல் பண்ணிட்டு காசா குடுங்க, ரூம் தரேன்" என்று கேட்பது ரொம்பச் சாதாரணம். செய்யாதீர்கள். நீங்கள் கேன்சல் அழுத்திய கணம் அது உங்கள் கேன்சல் ஆகிவிடும். கட்டணம் பிடிபடலாம், மாற்று ரூம் கேட்கும் உரிமையும் போய்விடும். அங்கேயே நின்று ஆப்பின் உதவிப் பகுதி வழியாக 'செக்-இன் மறுக்கப்பட்டது' என்று பதிவு செய்யுங்கள். ரிசப்ஷனின் படம் ஒன்று, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுத்து வையுங்கள். அதே விலைக்குப் பக்கத்தில் வேறு லாட்ஜுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்று இடம் தூரமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளாமல் முழு ரீஃபண்ட் கேளுங்கள். ரூம் கிடைத்துவிட்டாலும் ஆப்பில் 'செக்-இன்' என்று மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியைத் திறங்கள். மாறவில்லை என்றால் நீங்கள் வரவே இல்லை என்று பதிவாகிவிடக்கூடும். அப்புறம் ரூமில் எது நடந்தாலும் ஓயோவிடம் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்காது.

ரீஃபண்ட் இழுத்தடித்தால் ஆப்பின் சாட்டோடு நின்றுவிட வேண்டாம். 2020 மின்வணிக விதிகளின்படி கம்பெனியின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது புக்கிங் எண், கட்டிய தொகை, மறுத்த நேரம், படம் ஆகிய நான்கும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே புகார் பதிந்ததும் கிடைக்கும் எண்ணை அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பிவிடுங்கள்.