வாட்ச்சா, வீட்டுச் சென்சாரா?

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் நலனைத் தூரத்திலிருந்தே கவனிக்க, கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் வாங்குவதா, அறையில் பொருத்தும் சென்சார் வாங்குவதா என்று பலர் கேட்கிறார்கள். மேலூரில் என் அம்மாவுக்காக இரண்டையும் வைத்துப் பார்த்தேன்.

அளப்பது
வாட்ச்: தோலில் பச்சை ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணும். சிலவற்றில் கீழே விழுந்தால் தகவல் அனுப்பும் வசதி உண்டு. ஆப்பிளில் 2018 முதல் இருக்கிறது.
சென்சார்: உடலைத் தொடாது. அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அறையில் ஆள் நடமாட்டத்தை மட்டும் உணரும்.

சிரமம்
வாட்ச்: அம்மா குளிக்கக் கழற்றினால் மாலைவரை வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். சார்ஜ் போடுவது வேறு.
சென்சார்: பேட்டரி பல மாதம் வரும். அம்மா அதை மறந்தே போனார்.

செலவு
வாட்ச்: ஒன்று போதும்.
சென்சார்: அறைக்கு ஒன்று, கூடவே வைஃபை. கரண்ட் போனால் வைஃபை அணைந்து தகவல் நின்றுவிடும். சிறிய யுபிஎஸ் அவசியம்.

ஞாபக மறதி
இங்கேதான் சென்சார் மேல் என்பேன். மறதி ஒரே நாளில் வெளியே தெரிவதில்லை. நடை மெல்லத் தளரும், இரவில் எழுந்து நடப்பது கூடும், காலையில் அடுப்படிக்குப் போகும் நேரம் தள்ளிப்போகும். நாள்தோறும் நடமாட்டத்தைக் குறித்துவைக்கும் சென்சாரில் இந்த மாற்றங்கள் தெரியவரும். அமெரிக்காவில் ஓரிகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழகத்தார் முதியோரின் நடைவேகத்தை இப்படிச் சென்சார் வைத்துத்தான் வீட்டிலேயே அளந்து ஆராய்ந்தார்கள். ஆனால் சென்சார் நோயின் பெயரைச் சொல்லாது. மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேமரா மட்டும் வேண்டவே வேண்டாம். சென்சாரையும் பெற்றோரிடம் கேட்டுவிட்டே பொருத்துங்கள்.

கடைக்கும் கோயிலுக்கும் தாமே போய்வருபவருக்கும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கும் வாட்ச். வீட்டோடு இருப்பவருக்கு, மறதி எட்டிப்பார்க்கிறதோ என்ற கவலை இருந்தால், சென்சார்.