உண்ணியைத் தாங்கும் தேனீ: இத்தாலியத் தேனீயைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதா, இந்தியத் தேனீயோடு இருந்துவிடுவதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தோப்பில் தேனீப்பெட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எதில் தேன் அதிகம்?" என்பதுதான். அதற்குப் பதில் சுலபம். இந்தியத் தேனீ பெட்டிக்கு வருடம் ஆறு முதல் எட்டு கிலோ தரும். இத்தாலியத் தேனீ நல்ல பூ உள்ள இடத்தில் 25 கிலோவையும் தாண்டும். தேன் மட்டுமே கணக்கு என்றால் மேலே படிக்க வேண்டியதில்லை. நான் எடுத்தது இந்தியத் தேனீ. காரணம் வரோவா உண்ணி.

இந்த உண்ணி ஆதியில் இந்தியத் தேனீயின் இனத்தோடு ஒட்டி வாழ்ந்தது. இத்தாலியத் தேனீயும் சேர்ந்த ஐரோப்பிய இனத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததும் அதற்குத் தாவிவிட்டது. செம்பழுப்பு நிறம், அகலம் ஒன்றரை மில்லிமீட்டர், கடுகை நசுக்கிவிட்ட மாதிரி தட்டையாக இருக்கும். புழு அறையை மெழுகால் மூடும் நேரம் பார்த்துத் தாய் உண்ணி உள்ளே நுழைந்துகொள்ளும். மூடிய அறைக்குள் முட்டையிட்டுக் கூட்டுப்புழுவின் உடம்பிலேயே குடும்பம் நடத்தும். கூடவே வைரஸையும் பரப்பும். சிறகு சுருங்கிய தேனீக்கள் பெட்டி வாசலில் ஊர்ந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இத்தாலியத் தேனீயிலும் எதிர்ப்புக் குணம் இல்லாமல் இல்லை. சில கூட்டங்களில் பணித்தேனீக்கள் மூடிய அறைக்குள் உண்ணி இருப்பதை மோப்பம் பிடித்து, மூடியைப் பிய்த்து, உள்ளே இருப்பதை இழுத்து வெளியே போட்டுவிடும். இது வம்சத்தில் வரும் குணம். நோயுற்ற புழுவை அகற்றும் பழக்கம் பரம்பரையாக வருவதை ராதன்புலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1964-லேயே காட்டினார். பிறகு லூசியானாவில் உள்ள அமெரிக்க அரசின் தேனீ ஆய்வகம் உண்ணியையே குறிவைத்து இந்தக் குணத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. அதே ஆய்வகம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்தும் தேனீக்களை 1997-இல் வரவழைத்தது. அங்கே அவை வரோவாவோடு வெகுகாலம் பழகியவை.

நம் தோப்பிலும் சோதித்துப் பார்க்கலாம். மூடிய புழு அடையில் நூறு அறைகளை ஒரு கட்டமாகக் குறித்து, ஒவ்வொன்றையும் மெல்லிய ஊசியால் குத்தி உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்று, சட்டத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் சில கூட்டங்கள் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கும். சிலவற்றில் பாதி அப்படியே கிடக்கும். துடைத்த கூட்டத்திலிருந்து அடுத்த இராணிகளை எடுக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

சிக்கல் இராணியின் கல்யாணத்தில் இருக்கிறது. கன்னி இராணி உயரத்தில் பறந்து பத்து, இருபது ஆண் தேனீக்களோடு கூடிவிட்டு வரும். அந்த ஆண்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நமக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் ஒருவர் வாங்கி வைத்த சாதாரண இத்தாலியப் பெட்டிகளின் ஆண்களும் அதே வானத்தில்தான் பறக்கின்றன. முதல் தலைமுறையில் குணம் ஓரளவு நிற்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இராணி மாற மாற அது கரைந்துகொண்டே போகும். நிறுத்தி வைக்க வேண்டுமானால் செயற்கைக் கருவூட்டல், தனித்த இடம், இல்லையென்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே குணத்தைத் தேர்ந்தெடுப்பது. நம் ஊரில் எல்லோரும் சேர்ந்து கண்மாய் மடையைத் திறப்பதே பெரும்பாடு.

சரி, எதிர்ப்புக் குணம் கரைந்தால் மருந்து வைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். குளிர் நாடுகளில் அது நடக்கும். அங்கே பனிக்காலத்தில் இராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். மூடிய அறையே இல்லாததால் உண்ணி எல்லாம் தேனீயின் மேல் வெளியே இருக்கும், அப்போது ஆக்சாலிக் அமிலம் நன்றாக வேலை செய்யும். செட்டிநாட்டில் மார்கழியிலும் அடையில் புழு இருக்கும். தென்னை வருடம் முழுக்கப் பாளை விடுகிற ஊரில் இராணிக்கு ஓய்வு ஏது? மூடிய அறைக்குள் புகுந்து கொல்லக்கூடியது ஃபார்மிக் அமிலம். வெயில் முப்பது டிகிரியைத் தாண்டினால் அதன் ஆவி அளவு மீறி எழும்பி இராணியையே காவு வாங்கிவிடும். முப்பதுக்குக் கீழே பகல் வெயில் நிற்கும் நாட்கள் இங்கே எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இதோடு டிரோபிலேலாப்ஸ் என்று இன்னொரு உண்ணி, மலைத்தேனீயிடமிருந்து வருவது, வரோவாவைவிட வேகமாகப் பெருகக்கூடியது. பழைய வீடுகளின் உயரத்திலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் மலைத்தேன் கூடுகள் தொங்கும் ஊர் இது. ஆக, பராமரிப்புச் செலவு என்பது முதல் வருடத்தோடு முடிவதில்லை. சல்லடைப் பலகை, எண்ணெய் தடவிய வெள்ளைத்தாள், விழுந்த உண்ணியை எண்ணுவது என்று மாதாமாதம் ஒரு வேலை உட்கார்ந்துவிடும்.

இந்தியத் தேனீயிடம் இந்த வேலை இல்லை. வரோவா இதன் பெட்டியிலும் இருக்கும், ஆனால் பணித்தேனீப் புழுவில் அதனால் பெருக முடிவதில்லை. ஆண் புழுவில்தான் பெருகும், ஆண் புழு வளர்வதோ வருடத்தில் சில மாதங்கள்தான். ஆண் அறையின் மூடியைக் கவனித்தால் நடுவில் ஊசி நுனி அளவு ஒரு துளை இருக்கும். நாலைந்து உண்ணி ஏறிய ஆண் புழு வலுவிழந்து, மூடியைத் திறந்து வர முடியாமல் உள்ளேயே செத்துவிடும். பணித்தேனீக்களும் அதைத் திறப்பதில்லை. உண்ணியும் அங்கேயே சமாதி. இதற்கு நான் இராணி தேட வேண்டியதில்லை. எந்த ஆணோடு கூடினாலும் அதுவும் இதே இனம், இதே குணம்.

ஆனால் இது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இந்தத் தேனீயைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டுப் போனது. இன்னும் தலைகாட்டுகிறது. புழு பை மாதிரி தொங்கும், தலை தூக்கி நிற்கும், மருந்து கிடையாது. அப்புறம் ஓடிப்போகும் குணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ இல்லாமல் எறும்பும் ஏறினால் காலையில் பெட்டி காலி. சர்க்கரைப் பாகு வைத்து, தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் தங்கும்.

அதனால் நான் தேர்ந்தெடுப்பது வேறு குணத்தை. மழைக்காலத்தைத் தாண்டித் தங்கிய கூட்டம், செத்த புழுவை உடனே அகற்றிய கூட்டம், தை மாசியில் இராணி அறை கட்டும்போது இவற்றிலிருந்து பிரிக்கிறேன். ஊசிக் குத்து இதற்கும் உதவும். ஒரே ஒரு நல்ல இராணியின் வாரிசாகவே எல்லாப் பெட்டியையும் ஆக்கிவிடக் கூடாது. இரத்த உறவுக்குள் சேர்ந்தால் முட்டையில் பாதி வரைகூட வீணாகி, அடை ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வேறு ஊரில் பிடித்த கூட்டத்தையும் கலந்துகொள்வது நல்லது. இந்தத் தேர்வு சாக்புரூட்டை எவ்வளவு தடுக்கும் என்று அடித்துச் சொல்ல என் அனுபவம் போதாது. பெரிய தாக்குதல் எதுவும் இதுவரை என் தோப்புக்கு வரவில்லை.

இத்தாலியத் தேனீயைச் சொந்தமாகப் பல வருடம் வைத்தவனும் இல்லை நான். தேவகோட்டைப் பக்கம் என் பங்காளி ஒருவர் வைத்திருக்கிறார், அவரோடு நின்று பார்த்ததுதான். "தேன் வருதுல்ல, பிறகென்ன?" என்பார். பூவைத் தேடிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவும், உண்ணி எண்ணவும் அவருக்கு ஆள் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு இத்தாலியத் தேனீயே சரி. நாலைந்து பெட்டியோடு தோப்பு வேலையும் பார்க்கிறவருக்கு இந்தியத் தேனீ. இரண்டையும் ஒரே தோப்பில் மட்டும் வைக்காதீர்கள். பூ குறைந்த மாதத்தில் இத்தாலியத் தேனீ பக்கத்துப் பெட்டிக்குள் புகுந்து தேனைக் கொள்ளையடிக்கும், இந்தியத் தேனீ சண்டை போட்டுச் சாகும், இல்லையென்றால் பெட்டியை விட்டே ஓடும்.