எஸ்.எஸ். காலனி மாடி வகுப்பு: ஐந்து மாதம் பிரிட்டிஷ் நாடகம் படித்துவிட்டு எழுதுகிறேன்

பி.ஜி. டி.ஆர்.பி. என்கிற முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு ஆங்கிலம் படிக்கிறவர்கள், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் எழுதப் போகிறவர்கள், எம்.ஏ.வில் மாடர்ன் டிராமா பேப்பரைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதுரை எஸ்.எஸ். காலனியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு எடுக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் நாடகமும் அதை ஒட்டிய இலக்கிய இயக்கங்களும் மட்டும்தான் பாடம். பெயர்ப்பலகை கிடையாது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, படித்தவர்கள் சொல்லி வருகிறவர்களே போதும், பெயரும் எண்ணும் போட வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டதால் நானும் போடவில்லை.

மாதம் 1,200 ரூபாய். காலை 9 மணிக்கு ஆரம்பித்து 1 மணி வரைக்கும். நான் திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன், ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டு வேலைக்கும் கிடைக்கும், அதையும் விட்டுவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடித்து பசுமலை, பழங்காநத்தம் தாண்டி ஐந்து மாதம் போய் வந்தேன் என்றால் அந்த வகுப்பில் ஏதோ இருந்திருக்க வேண்டும் இல்லையா, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதற்கு முன்னால் ஒரு கோச்சிங் சென்டரில் 18,000 ரூபாய் கட்டினேன். எந்த சென்டர் என்பது வேண்டாம். அங்கே நாடகப் பகுதியை இரண்டே நாளில் முடித்தார்கள். பிரிண்ட் போட்ட மெட்டீரியலில் நாடகாசிரியர் ஹரால்ட் பின்டர் பிறந்த வருடமே தப்பு. அதைக்கூட மன்னித்துவிடலாம். முதலில் கோபக்கார இளைஞர்கள் என்ற எழுத்தாளர்கள் வந்தார்கள், அவர்கள் போன பிறகு வாழ்க்கைக்குப் பொருளே இல்லை என்று காட்டுகிற அபத்த நாடகம் வந்தது, அதற்கப்புறம் அரசியல் நாடகம் வந்தது என்று பஸ் ஸ்டாப் பெயர் மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அதை மூன்று வருடம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன், என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொன்னேன். அதுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

சார் மாடியில் ஒரு துணிக்கயிறு கட்டியிருக்கிறார். நிஜமாகவே துணி காயப்போடுகிற நைலான் கயிறு, அதில் மர கிளிப். முதல் நாள் ஆளுக்குப் பத்துச் சீட்டு கொடுத்து, தேதி பார்த்து மாட்டச் சொன்னார். 1955 ஆகஸ்ட், பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ' லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரில் ஆங்கிலத்தில் மேடையேறுகிறது, இயக்கிய பீட்டர் ஹாலுக்கு வயது 24. 1956 மே 8, லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் ஆஸ்போர்னின் 'லுக் பேக் இன் ஆங்கர்'. அதே வருடம் ஆகஸ்டில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகக் குழு பெர்லினர் ஆன்சாம்பிள் லண்டனுக்கு வருகிறது, பிரெக்ட் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 1958 மே மாதச் சீட்டுகளை மாட்ட ஆரம்பித்தபோது கயிறே தாழ்ந்துவிட்டது. பின்டரின் 'பர்த்டே பார்ட்டி' ஹாமர்ஸ்மித்தில் எட்டே காட்சி ஓடி 24ஆம் தேதி சனிக்கிழமை மூடப்படுகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விமர்சகர் ஹரால்ட் ஹாப்சன் அதைப் புகழ்ந்து எழுதிய விமர்சனம் பத்திரிகையில் வருகிறது, பார்க்கப் போவதற்கு நாடகம் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அதே லண்டனின் இன்னொரு மூலையில், ஸ்ட்ராட்ஃபோர்டில், சால்ஃபோர்டைச் சேர்ந்த 19 வயதுப் பெண் ஷெலா டெலனி எழுதிய 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' தொடங்குகிறது.

நான் மூன்று வருடமாக ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த பின்டரின் அபத்தமும், சாதாரண வீட்டு வாழ்க்கையை அப்படியே காட்டுகிற டெலனியின் அடுப்படி யதார்த்தமும் ஒரே வாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. சார் ஒன்றும் விளக்கவில்லை. இயக்கங்களின் பெயர்களை மட்டும் சிவப்பு மையில் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, அவையும் எப்போது வந்தன என்று பார்த்து மாட்டச் சொன்னார். அந்த அடுப்படி யதார்த்தத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'கிச்சன் சிங்க்' என்ற பெயர் 1954இல் கலை விமர்சகர் டேவிட் சில்வெஸ்டர் ஓவியர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, நாடகத்துக்காக வந்த பெயரே கிடையாது. 'கோபக்கார இளைஞன்' என்ற பட்டம் ராயல் கோர்ட் தியேட்டரின் விளம்பர வேலை பார்த்தவரிடமிருந்து வந்தது. லார்கின், ஏமிஸ் முதலான எழுத்தாளர்களை 'தி மூவ்மென்ட்' என்று அழைத்தது 1954இல் ஒரு வாரப் பத்திரிகை. 'அபத்த நாடகம்' என்று விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் புத்தகம் போட்டது 1961. எழுதினவர்கள் ஒருவரும் இந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு எழுத உட்காரவில்லை, வெளியே இருந்து வைத்த பெயர்கள்தான் எல்லாம். பரீட்சைக்குப் பெயர் தெரிய வேண்டும், சரி, ஆனால் பெயரை வைத்து நாடகத்தைப் படிக்கக் கூடாது என்பதை அந்தக் கயிறு எனக்குக் காட்டிய மாதிரி எந்தப் புத்தகமும் காட்டவில்லை.

அப்புறம் வாசிப்பு. இந்த வகுப்பின் உயிரே அதுதான். நோட்ஸ் கொடுக்க மாட்டார். நாடகத்தை நாம் எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்க வேண்டும், தப்பாக வாசித்தாலும் நிறுத்த மாட்டார், அந்தப் பக்கம் முடியட்டும் என்று காத்திருப்பார். ஆஸ்போர்னுக்கு வந்தபோது கீழேயிருந்து மேசையும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டுவரச் சொன்னார். 'லுக் பேக் இன் ஆங்கர்' தொடங்கும்போதே அலிசன் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள், அவள் கணவன் ஜிம்மியும் நண்பன் கிளிஃபும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். உசிலம்பட்டியிலிருந்து வருகிற தங்கச்சி ஒருத்தி அலிசன். அவள் கையில் நிஜமான சூடு, நிஜமான வேட்டி, தண்ணீர் தெளிக்க ஒரு கிண்ணம். ஜிம்மியாக வாசித்தவர் மேலூர் அண்ணன், எம்.ஃபில். முடித்துவிட்டு ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். ஜிம்மி போர்ட்டர் பல்கலைக்கழகம் போய்ப் படித்துவிட்டு மிட்டாய்க் கடை நடத்துகிறவன், அதுவும் பெரிய பேர்பெற்ற பல்கலைக்கழகம் இல்லை. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு படிக்க வழி கிடைத்து வந்த சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு, படித்து முடித்ததும் எந்தக் கதவும் திறக்காத நிலைமை. அண்ணன் முதல் இரண்டு பக்கம் வாசித்தார். அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை, பேசினார். உச்சரிப்பு எல்லாம் அவருடையதுதான், மேலூர் இங்கிலீஷ்தான், ஆனால் அந்த ஆத்திரம் எங்கேயிருந்து வருகிறது என்று எங்கள் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அரை மணி நேரம் அப்படிப் போனது. எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் தங்கச்சி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "சார், நான் அவ்வளவா பேசவே இல்ல, ஆனா எனக்குத்தான் கை வலிக்குது."

சார் உடனே மூன்றாம் அங்கத்தின் முதல் பக்கத்தை எடுக்கச் சொன்னார். அலிசன் போய்விட்டாள், அவள் இடத்தில் அவள் தோழி ஹெலினா, அதே மேசை, அதே இஸ்திரி, ஜிம்மியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். முதல் அங்கத்தில் அலிசனும் அவன் சட்டையைத்தான் போட்டிருந்தாள். இதை நான் கல்லூரியில் படித்தபோது மேடைக் குறிப்பு என்று தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு ஹெலினாவாக நான் போய் மேசைக்குப் பின்னால் நின்றபோது கைப்பிடி இன்னும் சூடாக இருந்தது.

இந்த இடத்தில் சாரோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிம்மியின் கோபத்துக்குப் பின்னால் இருக்கிற சமுதாயத்தை அவர் பார்க்கிற அளவுக்கு, அந்தக் கோபம் தினமும் யார் தலையில் விழுகிறது என்பதை அவர் பார்ப்பதில்லை என்று எனக்குப் பட்டது. தள்ளுமுள்ளில் மேசை சரிந்து கையில் சூடு வாங்குகிறவள் அலிசன்தான். விமர்சகர் கென்னத் டைனன் அந்த நாடகத்தைக் கொண்டாடியதை ஒரு மணி நேரம் சொன்னவர் இதற்கு ஐந்து நிமிடம் கொடுத்தார். நான் கேட்டேன், வாக்குவாதமும் ஆனது, கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. அடுத்த வாரம் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'யை எடுத்து வந்து, அம்மாவும் மகளும் பேசிக்கொள்கிற காட்சியை என்னையும் உசிலம்பட்டித் தங்கச்சியையுமே வாசிக்கச் சொன்னார். அதுதான் அவர் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 'பர்த்டே பார்ட்டி' தொடக்கத்தில் மெக், கணவன் வந்துவிட்டான் என்று தெரிந்தும் நீங்கள்தானா, நீங்கள்தானா என்று கேட்பாள். அபத்தம், மொழியின் தோல்வி என்று எழுதினால் மார்க் கிடைக்கும். சார் அதை மதுரைத் தமிழில் பேசிக் காட்டச் சொன்னார். நம் வீட்டில் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிற ஆளைப் பார்த்து "வந்துட்டீங்களா?" என்கிறோம், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரிடம் "சாப்பிடுறீங்களா?" என்கிறோம். தகவலுக்காகவா கேட்கிறோம், நான் இங்கே இருக்கிறேன், நீயும் இருக்கிறாயா என்பதற்காகத்தானே. அதைப் பேசிப் பார்த்த பிறகு மெக் என் பெரியம்மா ஆகிவிட்டாள். அதே அறைக்குள் கோல்ட்பெர்க், மெக்கான் என்று இரண்டு பேர் வந்து ஸ்டான்லியை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கும்போது, பதில் சொல்ல இடமே கொடுக்காமல் கேட்கும்போது, கேள்வி என்கிற ஒன்றே வேறு பொருளாக மாறிவிடுகிறது. நான்தான் ஸ்டான்லி. நடுவில் ஒருவர் என் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவிட்டார், நாடகத்தில் அப்படித்தான் வரும், எனக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும், இருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பின்டர் எழுதுகிற மூன்று புள்ளி வேறு, பேச்சுக்கு நடுவில் நிறுத்தம் காட்டுகிற 'பாஸ்' வேறு, பேச்சே இல்லாத 'சைலன்ஸ்' வேறு என்பதற்கு மட்டும் ஒரு முழு வகுப்பு எடுத்தார். தையற்காரர் மகன், அளவு பார்த்து வெட்டுவான் என்றார். பின்டரின் அப்பா லண்டனில் பெண்களுக்கான உடை தைத்தவர். எங்களோடு படித்த ஒரு தம்பியின் அப்பா புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்து பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியவர். அவன் அன்றைக்கு முழுக்கத் தலை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான்.

தணிக்கை பற்றிய வகுப்பும் அருமை. பிரிட்டனில் 1968 வரைக்கும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அலுவலகம் பார்த்து அனுமதித்தால்தான் நாடகம் போட முடியும், 1737 சட்டத்திலிருந்து தொடர்ந்து வந்த ஏற்பாடு. எட்வர்ட் பாண்டின் 'சேவ்ட்', பூங்காவில் தள்ளுவண்டியில் கிடக்கிற குழந்தையை இளைஞர்கள் கல்லெறிந்து கொல்கிற காட்சி உள்ள நாடகம். 1965இல் தணிக்கையைத் தவிர்க்க அதை ராயல் கோர்ட் உறுப்பினர்களுக்கான கிளப் காட்சி என்று சொல்லி நடத்தியது, வழக்கும் வந்தது. மூன்று வருடத்தில் அந்தத் தணிக்கைச் சட்டமே போனது. இதைச் சொல்லிவிட்டு சார் 1876ஆம் வருட நாடக நிகழ்த்துகைச் சட்டத்துக்கு வந்தார். அதே பிரிட்டிஷ் அரசு நம் ஊர் மேடைக்குப் போட்டது. எங்கள் திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் மேடையில் சுதந்திரப் பாட்டுப் பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர், 1940 டிசம்பர் 31 இரவு முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டவர். அவர் சிலையைத் தினமும் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள் நான். லார்ட் சேம்பர்லினையும் அவரையும் ஒரே பாடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை, கடைசி மாதம் ஓட்டம். நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்டுக்கு ஒரு மணி நேரம். காரில் சர்ச்சிலின் 'டாப் கேர்ள்ஸ்' 1982 நாடகத்துக்கு அரை நாள்தான். வெவ்வேறு நூற்றாண்டுப் பெண்கள் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே புகுந்து பேசுவார்கள், எங்கே புகுவது என்று சர்ச்சில் சாய்கோடு போட்டுக் காட்டியிருப்பார். வகுப்பில் ஏழு பெண்கள் இருந்தோம். அதை நாங்கள் வாசித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. சாரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த அணிக்கு இரண்டு ஞாயிறு ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

கொள்குறி வினாப் பயிற்சி சுத்தமாகக் கிடையாது. அதை நீங்களே தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதை மட்டும் நம்பி டி.ஆர்.பி. எழுதப் போகாதீர்கள். மாடிக்கு ஏறுவது சுழல் இரும்புப் படி, முட்டிவலி இருக்கிறவர்களுக்குக் கஷ்டம். தகரக் கொட்டகை, ஒரே ஒரு ஃபேன், சித்திரை வெயிலில் 11 மணிக்கு மேல் தாங்காது. பதினொன்றுக்கு சார் வீட்டு அம்மா கீழேயிருந்து மோர் கொடுத்துவிடுவார்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

சேரப் போகிறவர்கள் நாடகங்களின் முழுப் பிரதியோடு வாருங்கள், கைடு கொண்டுவந்தால் சார் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார், ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்பக் கிடைக்கும். என்னுடையது இன்னும் அங்கேதான் இருக்கிறது, நான் கேட்கவில்லை.